ஆலோலப் பாட்டு: ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் இசையின் பொருளும் ஆற்றலும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துச் சொல்லும் மரபு பள்ளிப் பருவத்திலேயே நமக்குப் பழகிப்போன ஒன்று. பகுத்துச் சொல்லிப் பழகியதாலோ என்னவோ, இம்மூன்றும் ஓரிடத்தில் கூடி நிற்கும்போது அவற்றுள் இசை என்ன பணியைச் செய்கிறது என்று நாம் நின்று வினவுவதில்லை. நாடகத்தில் பாட்டு வந்தால், கதைக்கு நடுவே கிடைக்கும் இளைப்பாறுதல் என்று கருதிவிடுகிறோம். தேர்வெழுதும் மாணவரும் கதைச்சுருக்கத்தை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ‘பாடல்கள் இனிமையாக அமைந்துள்ளன’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அந்த ஒரு வரிக்குள் அடங்காத செய்தி ஒன்று நம் மாவட்டத்து மண்ணிலேயே உண்டு. சிவகாசியில் பிறந்த ஒரு கலைஞர் ‘வள்ளி திருமணம்’ என்னும் பழைய நாடகத்தில் பாடிய பாட்டுகளுக்காகவே மீண்டும் மீண்டும் சிறை சென்றார். அந்நாடகத்திலே பாடிக்கொண்டிருந்தபோதே உயிரும் நீத்தார். ஒரு காதல் நாடகத்துப் பாட்டைக் கேட்டு ஓர் அரசு அஞ்சியது எதனால் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முருகன், வள்ளி கதையை நம் கல்லூரி மலரில் பேசுவானேன் என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். நாம் இங்கு எடுத்துக்கொள்வது வழிபாட்டை அன்று, தமிழ் நாடகத்தை. இசையைக் குறித்து நம் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் அறிவோம். அவ்வாய்வினுள் இக்கட்டுரை புகவில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைப் பாடமாக வைத்துப் படிக்கும் நமக்கு, அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம் என்று பாட்டும் விருத்தமுமாகத் தமிழ் நாடகம் எழுதிய முஸ்லிம் புலவர்களின் வழிவந்த நமக்கு, இப்பொருள் அயலானது அன்று என்பது மட்டும் உறுதி.

கிளியும் யானையும்

வள்ளி கதையின் நடுவிடம் தினைப்புனம். பரண்மீது நின்று, கதிரில் வந்து விழும் பறவைகளை ‘ஆலோலம்’ என்று குரலெடுத்து ஓட்டுகிறாள் குறிஞ்சி நிலத்துப் பெண். இக்காட்சி நாடக ஆசிரியர் படைத்ததன்று. சங்கப் புலவர்கள் குறிஞ்சித் திணையில் வைத்துப் போன காட்சி.

குறுந்தொகையில் கபிலர் பாடல் ஒன்று உண்டு. தலைவி கிளிகளை ஓட்டுவதற்காகக் ‘குளிர்’ என்னும் கருவியை இசைக்கிறாள். கிளிகளோ அவ்வோசையை அவள் தம்மை அழைக்கும் குரல் என்று எண்ணிக்கொண்டு கதிரை விட்டு எழ மறுக்கின்றன. அகநானூற்றில் இன்னொரு காட்சி. பரண்மேல் இருக்கும் பெண் குறிஞ்சிப் பண்ணைப் பாடுகிறாள். தினையை மேய வந்த யானை கதிரையும் உண்ணாமல், இடத்தையும் விட்டுப் பெயராமல், நின்றபடியே உறங்கிப் போகிறது.

இவ்விரு பாடல்களையும் நயம் பாராட்டிவிட்டுக் கடந்துவிடுவது நம் வழக்கம். ஆனால் இவற்றுள் இசையைப் பற்றிய கூர்மையான அறிவு ஒன்று இருக்கிறது. விரட்டுவதற்காக எழுப்பிய ஓசை அழைப்பாகக் கேட்கிறது. தனக்காகப் பாடிய பாட்டு, மறைந்து நிற்கும் விலங்கை அடக்குகிறது. பாடுபவர் கருதிய பொருள் ஒன்று, கேட்பவர் கொள்ளும் பொருள் வேறொன்று. சொல்லிலும் இது நிகழும் என்றாலும் இசையில் நிகழ்வது போல் எளிதாக நிகழ்வதில்லை. சொல்லைத் திருப்பிக் கேட்டுப் பொருளைத் தெளிவாக்கிக் கொள்ளலாம். பாட்டைக் கேட்டவர் அதற்குள் தம் நினைவை நிரப்பிக்கொண்டு போய்விடுகிறார். வள்ளி நாடகம் முழுவதும் இந்த வழியிலேதான் நடக்கிறது. ஆலோலம் பறவைக்காகப் பாடப்படுகிறது. கேட்டு வருபவனோ வேடன் உருவில் வரும் முருகன்.

சுவாமிகள் அமைத்த இசைக்கட்டு

இக்கதையை இன்று நாம் மேடையில் காணும் வடிவில் அமைத்துத் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்கு நாடகம் கற்பித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்களே. வெண்பாவும் விருத்தமும் சந்தமும் அவர் நாவில் தாமே வந்து நின்றன என்று அவரிடம் பயின்றோர் வியந்து சொல்லியிருக்கின்றனர்.

அவருடைய நாடகங்களில் வசனம் குறைவு, பாட்டே மிகுதி. அப்பாட்டிலும் இரு வகை உண்டு. தாளமின்றி இராகத்தை விரித்துப் பாடப்படுவது விருத்தம். தாளத்தோடு வருவது பாட்டு. பாத்திரம் தன் மனத்தோடு பேசும்போது பெரும்பாலும் விருத்தம் ஒலிக்கும். எதிரில் நிற்பவரை இணங்கவைக்கவோ மடக்கவோ முனையும்போது தாளம் உள்ளே நுழையும். நாரதரும் வள்ளியும் செய்யும் தருக்கம், வள்ளியும் வேடனும் செய்யும் வாக்குவாதம் ஆகியவை தாளத்தின்மீது ஏறி நடக்கும் போர்கள். யார் வென்றார் என்பதைக் கருத்தைக் கொண்டு மட்டும் சபை முடிவு செய்வதில்லை. அடுத்தவர் எடுத்த சுருதிக்கும் தாளத்துக்கும் குறையாமல் விடை திரும்பி வந்ததா என்பதையும் பார்க்கிறது.

இங்கே ஆர்மோனியத்தைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பாவில் உருவாகி நம் நாட்டுக்கு வந்த அப்பெட்டி, பார்சி நாடகக் குழுக்களின் வழியே நாடக மேடைக்கு வந்தது. அக்குழுக்கள் பெயர் பெற்றது ‘இந்திரசபா’ என்னும் உருது இசை நாடகத்தால். அதை எழுதியவர் இலக்னோவைச் சேர்ந்த ஆகா ஹசன் அமானத். காலம் 1850களின் தொடக்கம். பார்சி குழுக்கள் தென்னாட்டுக்கு வந்து ஆடியதைக் கண்டு தமிழ்க் கம்பெனிகளும் இந்திரசபாவை மேடையேற்றின. அன்றைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் ‘பார்சி மெட்டு’, ‘இந்துஸ்தானி மெட்டு’ என்ற குறிப்புகளைக் காணலாம். கபிலர் கண்ட குறிஞ்சிப் பெண்ணின் ஆலோலம், இலக்னோ முஸ்லிம் கவிஞர் ஒருவரின் நாடகம் பரப்பிய இசைப் பாணியையும் ஏற்று, ஐரோப்பியப் பெட்டியின் சுருதியில், மதுரைச் சீமைக் கொட்டகையில் ஒலித்தது! தமிழ் நாடக இசையை ஒரே ஊற்றிலிருந்து வந்ததாகச் சொல்வோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்நாடகம் பெரும்பாலும் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற முறையில் நடந்தது. ஒரே கம்பெனியைச் சேராத ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், பக்கவாத்தியக்காரர்கள் ஆகியோர் ஊர் ஊராக வந்து அன்று மாலைதான் ஒருவரையொருவர் பார்ப்பர். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த கதைப்போக்கும் பாட்டும் உண்டு. அதற்கு நடுவே அவரவர் தமக்கென வைத்திருக்கும் பாட்டுகளைச் சேர்த்துக்கொள்ள இடமும் உண்டு. தினைப்புனக் காட்சி அத்தகைய இடம். என்னென்ன பறவைகளை, எவ்வளவு நேரம், எந்த மெட்டில் ஓட்டுவது என்பது பாடுபவர் விருப்பம். சிவகாசிக் கலைஞர் நுழைந்தது இந்தத் திறந்த வாயில் வழியாகத்தான்.

தினைப்புனத்தில் கொக்கு

சு. சு. விசுவநாததாஸ் 1886ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்தார். அவர் பிறந்தபோது ஊரில் தீப்பெட்டி ஆலையும் இல்லை, பட்டாசு ஆலையும் இல்லை. அவையெல்லாம் 1920களிலும் அதற்குப் பின்னும் வந்தவை. பின்னர் அவர் திருமங்கலத்தில் குடியேறினார். கணீரென்ற குரல். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட்டுக்காரர் வரை கேட்க வேண்டுமானால் உயர்ந்த கட்டையில்தான் பாட வேண்டும். அவ்வாறு பாடியே பெயர் பெற்றார்.

1919ஆம் ஆண்டு சாலியன்வாலா பாகில் படுகொலை நடந்தது. அதையடுத்துக் கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் கைகோத்து நடந்தன. அந்நாளில் மேடையிலும் கதர் உடுத்தி நின்ற தாஸ், புராண நாடகங்களுக்கு நடுவே தேசியப் பாட்டுகளைப் பாடத் தொடங்கினார். பஞ்சாப் படுகொலையைப் பற்றிய பாட்டும் அவற்றுள் ஒன்று. அத்தகைய பாட்டுகளை எழுதித் தந்தவருள் தலையாயவர் நாகலாபுரத்தில் வாழ்ந்த மதுரகவி பாஸ்கரதாஸ். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்துக்குப் பாட்டு எழுதியவரும் அவரே. காளிதாசன் கதைக்குள்ளும் காந்தியடிகளின் இராட்டினம் பாட்டாகப் புகுந்ததை அறிந்தால், மேடையில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

வள்ளி நாடகத்தில் தாஸ் பாடிய பாட்டுகளுள் இன்றும் பேசப்படுவது, பறந்து செல்லும் வெள்ளைக் கொக்கைப் பற்றியது. கொக்கு என்றது வெள்ளையனை என்று எல்லோரும் விளக்கம் சொல்வர். அது சரியே. ஆயினும் நிறத்தோடு அவ்விளக்கத்தை நிறுத்திவிடுவது போதாது என்பது நம் கருத்து. கொக்கு தினை தின்னும் பறவை அன்று. அது நீர்நிலையில் நிற்பது, மீனுக்காகக் காத்திருப்பது. கிளியும் குருவியும் விழும் புனத்தில் கொக்குக்கு என்ன வேலை? பாட்டறிவு இல்லாத பார்வையாளரும் கரிசல்காட்டில் கம்பும் சோளமும் விதைத்துப் பறவை ஓட்டியவர்தாம். ஆலோலக் காட்சியில் ‘கொக்கு’ என்ற சொல் விழுந்தவுடன் இது தினைப்புனத்துப் பேச்சு அன்று என்பது அவருக்குப் புலப்பட்டிருக்கும். தனக்கு உரிமையில்லாத நிலத்தில் வந்து இறங்கிய பறவை; தண்ணீரைச் சார்ந்து வாழும் பறவை; கடல் கடந்து வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் வேண்டுமா? எழுத்தறிந்தோர் பத்தில் ஒருவர் அளவே இருந்த காலத்தில், துண்டு வெளியீடு போய்ச் சேராத இடத்துக்கு இந்த ஒரு பறவை பறந்து போய்ச் சேர்ந்தது.

இதில் மெட்டின் பங்கும் பெரிது. மேடையில் ஏறி ‘வெள்ளையனே வெளியேறு’ என்று பேசினால் அது பேச்சு. கேட்டவர் கைதட்டிவிட்டுக் கலைவர். ஆலோலமோ வீட்டிலும் வயலிலும் யாரும் பாடக்கூடிய மெட்டு. நாடகம் முடிந்து விடியற்காலையில் மாட்டுவண்டியில் திரும்புகிறவர் வாயில் அது தொற்றிக்கொள்ளும். வீட்டில் குழந்தைக்குப் பாடலாம். குழந்தைக்குப் பாடினால் அது குழந்தைப் பாட்டு. காவலர் எதிரே வந்தால் அது பறவைப் பாட்டு.

சட்டம் படித்த நூல்

நாடகத்தின் ஆற்றலை ஆங்கில அரசு அறியாமல் இல்லை. வங்க மேடையில் வெள்ளையர் ஆட்சியைச் சாடும் நாடகங்கள் எழுந்ததைக் கண்டு 1876ஆம் ஆண்டே நாடக நிகழ்த்துச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசின்மீது வெறுப்பைத் தூண்டுவதாகக் கருதும் எந்நாடகத்தையும் அச்சட்டத்தால் தடைசெய்யலாம். விடுதலைக்குப் பின்னும் ஏட்டில் கிடந்த அச்சட்டம் 2018ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

ஆனால் சட்டம் படித்துப் பார்ப்பது நூலை. ‘வள்ளி திருமணம்’ நூலில் அரசுக்கு எதிராக ஓர் எழுத்தும் இல்லை. நம்பிராசன் மகள் தினை காக்கிறாள், வேடன் வருகிறான், கிழவன் வருகிறான், யானை வருகிறது, திருமணம் நடக்கிறது. இதை எப்படித் தடைசெய்வது? குற்றம் நூலில் இல்லை. அன்றிரவு பாடகர் குரலுக்கும் சபையின் செவிக்கும் இடையே எங்கோ இருக்கிறது. ஆகவே நாடகத்தை விட்டுவிட்டுப் பாடகரையே பிடிக்க நேர்ந்தது. தாஸ் பலமுறை கைதானார். முருகன் வேடத்தில் நின்றவரைக் கைது செய்யக் காவலர் மேடையருகே வந்தபோது, ‘முருகனைப் பிடிக்க வாரண்டு இருக்கிறதா?’ என்று அவர் கேட்டதாகச் செவிவழிச் செய்தி ஒன்று நம் பக்கத்தில் வழங்குகிறது. நகைச்சுவைக்காகப் பின்னாளில் ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். எனினும் சட்டத்தின் இடர்ப்பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள் ‘ஹாம்லெட்’ நாடகத்து ஒபீலியாவை நினைவுகூரலாம். அரண்மனையில் வாய்திறந்து சொல்ல இயலாதவற்றையெல்லாம் அப்பெண் சித்தம் கலங்கிய நிலையில் பாட்டாகப் பாடிவிடுகிறாள். பாட்டு என்பதால் அரசனும் தடுக்கவில்லை. அங்கே பித்து கொடுத்த உரிமையை இங்கே புராணம் கொடுத்தது. ஒபீலியா தன் துயரை அறியாமல் பாடினாள். தாஸோ விளைவை முற்றும் அறிந்து பாடினார்.

குரலும் குலமும்

இவ்வளவு புகழ் பெற்ற கலைஞரோடு சேர்ந்து நடிக்க ஸ்திரீபார்ட் நடிகையர் பலர் மறுத்தனர் என்பது வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டிய செய்தி. காரணம், அவர் முடிதிருத்தும் தொழிலுக்குரிய மருத்துவர் குலத்தில் பிறந்தவர். மேடையில் அவர் முருகன், சபை கைகூப்பும். ஆனால் அருகில் வள்ளியாக நிற்கத் தயக்கம். அந்நிலையில் அவரோடு துணிந்து நடித்தவர் கே. பி. ஜானகி அம்மாள். பிற்காலத்தில் பொதுவுடைமை இயக்கத் தலைவராக விளங்கி, 1967ஆம் ஆண்டு சட்டமன்ற உறுப்பினரான அதே மதுரை ஜானகி அம்மாள்தாம்.

இதைப் பிற சமயத்தாரின் குறையாக மட்டும் படித்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. ஒரே அணியில் தோளோடு தோள் சேர்ந்து தொழும் நம்மிடையேயும், முடிதிருத்தும் தொழில் செய்யும் குடும்பத்தில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் தயங்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். எழுதக் கூசினாலும் எழுதாமல் விடுவது நேர்மையன்று.

தென்மாவட்டங்களில் மருத்துவர் குலத்தார் பலர் நாகசுரமும் தவிலும் கற்றவர்கள். மணவீட்டில் அவர்கள் இசை வேண்டும். பந்தியில் அவர்கள் இருக்கை வேறு. இசையின் ஆற்றலைப் பேசும் கட்டுரைகள் இசை எல்லா வேலியையும் உடைக்கும் என்று எழுதிவிடுகின்றன. தாஸின் வாழ்க்கை அப்படிக் காட்டவில்லை. அவருடைய குரல் கடைசி வரிசைத் தரை டிக்கெட் வரை சென்றது. பக்கத்தில் நின்ற சக நடிகையரின் மனத்துக்குள் செல்ல முடியவில்லை. ஒரு பேரரசின் காவல் நிலையங்களை அலைக்கழித்த பாட்டால் ஒரு பந்தியைச் சமன் செய்ய இயலவில்லை. ஆயினும், மறுத்த நடிகையரை நம்பி நாடகம் நிற்கவில்லை என்பதும், அவர் பாடுகிறார் என்றால் கொட்டகை நிறைந்தது என்பதும் உண்மை.

மயில்மீது

1940ஆம் ஆண்டு டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’. ஐம்பத்து நான்கு வயதான தாஸ், முருகனாக மயில்மீது அமர்ந்து பாடினார். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றது. முதலில் சபை அதையும் நடிப்பென்றே கருதியதாகச் சொல்வர். அது நடிப்பன்று. அதே வேடத்தில், அதே மயில் வாகனத்தோடு அவரை இறுதி ஊர்வலத்தில் கொண்டுசென்றனர் என்று நாடக உலகத்தார் கூறுவர். திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று அரசின் நினைவு இல்லமாக உள்ளது. மதுரைக்குப் பேருந்தில் செல்லும் நம் மாணவர்கள் திருமங்கலத்தில் இறங்கி ஒருமுறை பார்த்து வரலாம்.

இன்றைய மேடையில் மாற்றங்கள் பல. ஒலிபெருக்கி வந்தபின் உயர்ந்த கட்டைக்குத் தேவை குறைந்தது. அதனால் குரல் வளம் குன்றியது என்று மூத்த கலைஞர்கள் வருந்துவர். அவ்வருத்தத்தில் பாதியையாவது நாம் ஏற்கிறோம். பபூன் காட்சியில் திரைப்பட மெட்டுகள் நிறைந்துவிட்டன. மிருதங்கத்துக்கு அருகே ‘ஆல்ரவுண்ட்’ கலைஞர் பல கருவிகளோடு அமர்ந்து ஓசைக்குறிப்புகள் தருகிறார். ஆயினும் விருதுநகர், மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிச் சிற்றூர்களின் கோயில் கொடை என்றால் வள்ளி நாடகத்துக்கே இன்னும் முதலிடம். நள்ளிரவு கடந்து, சிறுவர் உறங்கிப்போன பின், ஆர்மோனியம் சுருதி சேர்க்க வள்ளி பரண் ஏறுகிறாள். தருக்கத்தில் இன்றைய விலைவாசி வருகிறது, குடிநீர் வருகிறது, வரதட்சணை வருகிறது.

இரவு நாடகத்துக்கு இன்றும் காவல் நிலையத்தில் அனுமதி கேட்டு மனுக் கொடுக்கின்றனர். நாடகத்தின் பெயர் என்ற இடத்தில் ‘வள்ளி திருமணம்’ என்று எழுதுகின்றனர். தினைப்புனத்தில் அன்றிரவு எந்தப் பறவை ஓட்டப்படும் என்பதை எழுத அம்மனுவில் இடமில்லை.